மூன்று விரல் தடம்

காரை விட்டு இறங்கியதும் இறங்காததுமாகக் கோமதிநாயகம் செல்போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றினார். சிக்னல் என்ன வானத்திலிருந்து சொட்டவா போகிறது என்று செண்பகவல்லிக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வந்தன. கண்ணுக்கெட்டிய தூரம் சிவந்த தரை, பேருக்கு ஒரு மரம் இல்லை, நிழல் என்று சொன்னால் அந்தக் காரின் நிழல்தான், இதில் எதைத் தேடுகிறார் இந்த மனுஷன். "அப்பா, இங்க டவர் கிடையாதுப்பா. திரும்பிப் போறப்ப மெயின் ரோட்டுல கிடைச்சிரும்" என்று மகள் சங்கரி காரைப் பூட்டிக்கொண்டே சொன்னாள். "அங்க இருட்டியிருக்கும்" என்றார் அவர், யாருக்கும் பதில் சொல்லாத குரலில். அங்கே என்றால் கோவில்பட்டி. இங்கே அரிசோனாவில் விடிந்தால் அங்கே விளக்கு வைக்கிற நேரம். தினமும் காலையில் காபி டம்ளரைக் கையில் வாங்கும் முன்னே பக்கத்து வீட்டு லூர்தக்காவுக்குப் போன் போட்டு, "லைட்டப் போட்டாச்சா?" என்று கேட்பார். போட்டாச்சு என்றால்தான் காபி தொண்டையில் இறங்கும். இன்றைக்கு இருட்டோடு கிளம்பி வந்ததில் அந்தப் போன் விட்டுப்போயிற்று. ஆளில்லாத வீட்டு ஹாலில் ராத்திரி முழுக்க லைட் எரிய வேண்டும், திருட்டுப் பயமாம். வீட்டில் ஆள் இருந்த காலத்தில் யாராவது ஃபேனைப் போட்டுவிட்டு எழுந்து போனால் பின்னாலேயே வந்து அணைத்த மனுஷர், குளிக்கிறவளை பாத்ரூமுக்குள் வைத்தே லைட்டை அணைத்துவிட்டு "உள்ள யாரு?" என்று கேட்ட மனுஷர், இன்றைக்கு வெற்றுச் சுவருக்குக் கரண்டுச் செலவு பண்ணுகிறார். வயசானால் சிலருக்குக் காது மந்தமாகும், இவருக்குக் கஞ்சத்தனம் மந்தமாகிவிட்டது போல.

நடைபாதை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. இரண்டு பக்கமும் கல்லை வரிசையாக வைத்து, நடுவே போங்கள் என்று விட்டிருந்தார்கள், நம்ம வீட்டிலிருந்து கோயில் வாசல் தூரம்கூட வராது. வழிகாட்டுகிற பெண்மணி முன்னால் நடந்தாள், தொப்பி வைத்த, அகலமான முகக்காரி, கையில் ஒரு பிளாஸ்டிக் கேன் நிறையத் தண்ணீர். இவர்கள் இந்த மண்ணின் பூர்வீக ஆட்கள் என்று சங்கரி சொல்லியிருந்தாள். குடிக்கவா அந்தத் தண்ணீர் என்று கேட்க நினைத்து விட்டுவிட்டாள் செண்பகவல்லி. சங்கரி வாங்கிக் கொடுத்த பூட்ஸுக்குள் காலே தன்னுடையது இல்லாத மாதிரி இருந்தது, சேலைக்குக் கீழே இது என்ன கோலம், கதிர் பார்த்திருந்தால், ம், கதிர் பார்த்திருந்தால் விடுவானா, "யம்மா, போலீஸ்ல சேந்துட்டியா" என்று தெரு முழுக்கச் சொல்லிச் சிரித்திருப்பான். காற்று காதுக்குள் புகுந்து புகுந்து வந்தது. மூக்கு வறண்டு எரிந்தது. இன்றைக்கு அவரிடம் பேசிவிட வேண்டும், இங்கேயே, இந்த வெட்டவெளியில், எழுந்து போய் வேறு அறையில் உட்கார இங்கே வேறு அறை கிடையாது. ராத்திரிக்குள் முடிவு சொல்லுங்கள் என்று சங்கரி கேட்டிருக்கிறாள். வீட்டை வாங்க வந்திருக்கிற ஜவுளிக்கடைக்காரர் இனிமேல் காத்திருக்க மாட்டாராம், அவருக்கு வீடு வேண்டாம், மனைதான் வேண்டும், இடித்துவிட்டு மூன்று மாடி எழுப்பப் போகிறார். இடிக்கட்டுமே. செண்பகவல்லிக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. போக வேண்டியவன் போய்ச் சேர்ந்துவிட்டான், இனி அந்தச் சுவருக்குள் என்ன இருக்கிறது. இவர்தான் இழுத்தடிக்கிறார், ஒரு நாள் பத்திரத்தில் ஏதோ பிசகு என்பார், ஒரு நாள் கொழுந்தனிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்பார், ஒரு நாள் தலைவலி என்று படுத்துக்கொள்வார். பெற்ற பிள்ளையின் மேல் இல்லாத பாசம் செங்கல் மேல். அப்படி நினைத்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டாள், பாவம், அப்படி இல்லை, ஆனால் அழவில்லையே அவர், கதிரைத் தூக்கிக்கொண்டு போனபோதுகூடப் பந்தல்காரனிடம் நாற்காலிக் கணக்குப் பேசிக்கொண்டு நின்றாரே.

பெட்ரோல் போடத்தான் போனான். அதற்கு மேல் அந்தக் கதையில் ஒன்றும் கிடையாது, எத்தனை தரம் நினைத்தாலும் அவ்வளவுதான். "யம்மா, தோசையை ஊத்து, பெட்ரோல் போட்டுட்டு வந்துருதேன்." கல் காய்ந்துகொண்டிருந்தது. முதல் தோசை எப்போதும் பிய்ந்து வரும், அதைத் தான் தின்பதற்கு எடுத்து வைத்துவிட்டு, இரண்டாவதை நன்றாக முறுகலாக எடுத்து மூடி வைத்தாள். பைபாஸில் லாரி. வலது கால் பாதத்தின் மேலேயே ஏறி இறங்கிவிட்டது என்றும், அது மட்டுமானால் பிழைத்திருப்பான், தலையில் அடி என்றும் யார் யாரோ சொன்னார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்தபோது அந்தப் பாதத்தை மட்டும் வெள்ளைத் துணியால் உருண்டையாகச் சுற்றியிருந்தது. முகத்தைப் பார்க்காமல் அந்த உருண்டையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், அதற்குள் விரல்கள் இருக்கிறதா, எத்தனை இருக்கிறது, யாரிடம் கேட்பது, இதையெல்லாம் ஒரு தாய் கேட்கலாமா.

முன்னால் போனவர்கள் நின்றுவிட்டார்கள். தரை முழுக்கப் பாளம் பாளமாகச் சிவப்புப் பாறை, அதில் அங்கங்கே பள்ளம், இதற்கா இத்தனை தூரம் காரில் வந்தோம் என்று இருந்தது. அந்தப் பெண்மணி கேனைச் சாய்த்து ஒரு பள்ளத்தில் தண்ணீரை ஊற்றினாள். ஊற்றியதும் பாறை கறுத்தது, கறுத்த இடத்தில் ஒரு கால் எழுந்து வந்தது. மூன்று விரல். நீள நீளமாக, விரித்து வைத்த மூன்று விரல், இப்போதுதான் யாரோ ஈரத்தில் மிதித்துவிட்டுப் போன மாதிரி. "டைனோசர் காலும்மா" என்று சங்கரி உற்சாகமாகச் சொன்னாள், அந்தப் பெண்மணி சொல்லச் சொல்ல இவள் தமிழில் சொன்னாள், "அப்ப இதெல்லாம் சேறு. சேத்துல மிதிச்சது அப்படியே இறுகிக் கல்லாயிருச்சாம். ரெண்டு கால்ல நடக்குற ஜாதி. இதோட வம்சந்தான் இப்ப இருக்குற பறவை எல்லாம்னு சொல்லுதாங்க." பறவை. செண்பகவல்லிக்கு அது போதும். மாவு கண்ணுக்கு முன்னால் வந்துவிட்டது. கருமாதிக்கு முந்தின ராத்திரி கதிர் படுத்த நடு ரூமைக் கழுவித் துடைத்து, பச்சரிசி மாவைச் சல்லடையால் சலித்துத் தரை முழுக்கப் பரப்பினார்கள். ஒரு மூலையில் விளக்கு, ஒரு செம்பில் தண்ணீர், கதவைச் சாத்தியாயிற்று. பெரிய நாத்தனார்தான் எல்லாம் சொல்லிக் கொடுத்தாள். விடியுமுன் ஆம்பிளை கதவைத் திறந்து பார்க்க வேண்டும். குழந்தைக் கால் விழுந்திருந்தால் திரும்பவும் இதே குடும்பத்தில் பிறப்பான். பறவைக் கால் என்றால் நல்லபடியாகப் போய்ச் சேர்ந்துவிட்டான். ஒன்றுமே இல்லை என்றால்? நாத்தனார் சல்லடையைத் தட்டிக்கொண்டே இருந்தாள். பிறகு, "அற்ப ஆயுசுல போனவங்க சில பேரு வீட்டை விட்டுப் போகத் தெரியாம நிப்பாங்க" என்றாள், மெதுவாக, மாவுக்குக் கேட்டுவிடப் போகிறது என்பது போல. அன்று கதவுக்கு வெளியே பாயில்கூட உட்காராமல் நின்றுகொண்டே இருந்தாள் செண்பகவல்லி. விடியலில் அவர் சாவியோடு வந்து உள்ளே போனார், கதவை ஒருக்களித்து வைத்துக்கொண்டார், கொஞ்ச நேரம் சத்தமே இல்லை, பிறகு கூப்பிட்டார். "செண்பகம், வந்து பாரு." கல்யாணமான நாளிலிருந்து "இந்தா", "ஏளா" என்றே கூப்பிட்டவர் அன்றைக்குப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

விளக்குக்குப் பக்கத்தில், ஒரே ஒரு இடத்தில், மூன்று விரல். காக்காய்க் கால். அதில் நடுவிரல் குட்டையாக இருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் அவளுக்கு ஓலம் வெடித்து வந்தது, துக்கத்தில் இல்லை, ஐயா, துக்கத்தில் இல்லை, அது அவனேதான் என்று தெரிந்துபோன ஓலம். லாரி ஏறின காலாச்சே, விரல் நசுங்கின காலாச்சே, அந்தக் காலோடுதான் வந்திருக்கிறான், தத்தித் தத்தி வந்து அம்மாவுக்கு அடையாளம் காட்டிவிட்டுப் பறந்துவிட்டான். வேறு எந்தக் காக்காய்க்கு நடுவிரல் குட்டை? இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை, அவரிடம்கூட. சொன்னால் கரைந்துவிடும் என்று உள்ளே வைத்திருந்தாள். அந்த ஒரு விரலைப் பிடித்துக்கொண்டுதான் மறுபடி சாப்பிட்டாள், தூங்கினாள், இந்த ஊருக்கு விமானம் ஏறினாள். இங்கேயும் சங்கரி வீட்டுப் பின்பக்கச் சுவரில் தினமும் ஒரு கைப்பிடிச் சோறு வைக்கிறாள், இந்த ஊர்க் காக்காய் கோழி பருமனில் வருகிறது, இருந்தாலும் காக்காய்தானே, கடல் தாண்டி வர அவனுக்கு விசாவா வேண்டும்.

அதோ, நினைத்த மாத்திரத்தில் ஒன்று வந்துவிட்டது. பெரிய கறுப்புக் காக்காய், பாதையோரக் கல்லில் இறங்கி, ஒரு பக்கமாய்த் தலையைச் சாய்த்து அவளைப் பார்த்தது. அவள் பூட்ஸ் காலை மெதுவாக எடுத்து வைத்து அதன் பக்கம் நகர்ந்தாள். கையில் ஒன்றும் இல்லையே ராசா, பிஸ்கட்டைக் காரில் விட்டுவிட்டேனே. அது புழுதியில் குதித்தது, இரண்டு மூன்று எட்டு நடந்தது, கர் என்று கனத்த குரலில் ஏதோ சொல்லிவிட்டுப் பறந்தது. அது நடந்த இடத்தைக் குனிந்து பார்த்தாள். மாவு போல நைந்த செம்புழுதி. அதில் கால்கள் அச்சாக விழுந்திருந்தன. முன்னால் மூன்று விரல். பின்னால் ஒன்று. பின்னால் நீளமாக, ஆழமாக, குதிகால் மாதிரி ஒன்று. அடுத்ததைப் பார்த்தாள். அதிலும் பின்னால் ஒன்று. எல்லாவற்றிலும். இந்த ஊர்க் காக்காய்க்கு அப்படி இருக்கும் என்று நினைத்தாள். உடனே கோவில்பட்டி மொட்டைமாடி வந்தது, வடகத்துத் துணியில் காக்காய் ஏறி நடந்துவிட்டுப் போன ஈரத் தடங்கள், வடக மாவில் பதிந்து காய்ந்தே போன தடங்கள், எத்தனை கோடை, எத்தனை தடம், எல்லாவற்றுக்கும் பின்விரல் உண்டு. கிளையைப் பிடிக்க வேண்டுமே, பின்விரல் இல்லாமல் எப்படிப் பிடிக்கும்? கதிரின் தடத்தில் பின்விரல் இல்லை. இருந்ததோ, நான்தான் கவனிக்கவில்லையோ? விளக்கு வெளிச்சம் ஒரு பக்கமாக அடித்தது. இல்லை, அந்தத் தடத்தை அவள் கண் மூடினாலும் பார்ப்பாள், தினமும் பார்க்கிறாள், மூன்றுதான், மூன்றும் ஒரு இடத்தில் கூடுகிற முனையில் மழமழவென்று மாவு, ஒன்றும் இல்லை. அடிபட்ட கால்தானே, பின்விரல் போயிருக்கும். அப்படியும் இருக்கலாம். அப்படித்தான். ஆனால் ஒரு கால்தானே அடிபட்டது, இன்னொரு கால் எங்கே? ஒற்றைத் தடம்தானே இருந்தது? ஒற்றைக் காலில் எந்தப் பறவை வந்து இறங்கும்? இத்தனை நாளும் இந்தக் கேள்வி எங்கே போயிருந்தது? வேண்டாம், இதற்கு மேல் நினைக்க வேண்டாம். தண்ணீர் குடிக்க வேண்டும். சங்கரி எங்கே?

"அப்பா, கை வச்சுப் பாக்கலாமாம், வச்சுப் பாருங்க" என்று சங்கரி சொல்வது கேட்டது. திரும்பினாள். கோமதிநாயகம் முட்டியைப் பிடித்துக்கொண்டு மெல்ல மண்டியிட்டு, ஈரப் பள்ளத்தில் வலது கையை வைத்தார். கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் உள்ளே மடக்கிக்கொண்டார். மற்ற மூன்றையும் விரித்து, மூன்று விரல் பள்ளத்துக்குள் பொருத்தினார். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அந்தக் கை அதற்கு முன்னே பழகின கை மாதிரி தானாகப் போய் அமர்ந்தது. ஆள்காட்டி விரல் ஒரு பள்ளத்தில், மோதிர விரல் ஒரு பள்ளத்தில், நடுவில் அந்தக் குட்டை விரல். அவர் வேலை பார்த்த பிரஸ்ஸில் கட்டிங் மெஷின் நுனியைத் தின்றுவிட்ட விரல். கல்யாணத்துக்கு முன்னாலேயே போனது. தாலி கட்டும்போது கழுத்தில் பட்ட விரல், முப்பத்தைந்து வருஷம் சோறு பிசைந்து பார்த்த விரல், அது குட்டை என்பதே மறந்துபோகிற அளவுக்குப் பார்த்துப் பார்த்துப் பழகின விரல். கல்லில் நடுப்பள்ளம் நீண்டு போய்க்கொண்டே இருந்தது, விரல் பாதியில் நின்றுவிட்டது.

செண்பகவல்லி அங்கேயே புழுதியில் உட்கார்ந்துவிட்டாள். அப்படியானால் யாரும் வரவில்லை. மாவு வெறுமையாக இருந்தது. கதவை ஒருக்களித்துக்கொண்டு இந்த மனுஷன் அந்த வெறும் மாவைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார், வெளியே இவள் நிற்கிறாள், இவளுடைய மூச்சுகூட அவருக்குக் கேட்டிருக்கும், அப்புறம் குனிந்திருக்கிறார். கோபம் வந்தது. பாவி, என்னை ஏமாற்றினாயே. நான் அந்த அறை வாசலில் எத்தனை வருஷம் வேண்டுமானாலும் நின்றிருப்பேனே, தோசை ஊற்றி மூடி வைத்திருப்பேனே, என் பிள்ளை போகத் தெரியாமல் நிற்கிறான் என்றால் அவனோடு நானும் நின்றிருப்பேனே. பறந்துவிட்டான் என்று நம்பித்தானே கொடியில் கிடந்த அவன் சட்டைகளை எடுத்துக் கொடுத்தேன். நம்பித்தானே வீட்டைப் பூட்டச் சொன்னேன். பூட்டின அன்றைக்கு ஆட்டோவில் முதல் ஆளாக ஏறி உட்கார்ந்தவள் அவள்தான், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, அவர்தான் பின்வாசல் தாழ்ப்பாளைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று உள்ளே போய், போய், வரவே இல்லை. ஆட்டோக்காரன் ஹாரன் அடித்தான். அவளும் திட்டினாள், ஒரு தாழ்ப்பாளுக்கு இத்தனை நேரமா என்று. வெளியே வந்தபோது ஹாலில் லைட் எரிந்துகொண்டிருந்தது. அணைக்கவில்லையா என்று இவள் கேட்டாள். திருட்டுப் பயம் என்றார். திருட்டுப் பயம். அன்றைக்கும் அதைத்தான் சொன்னார், நேற்றைக்கும் அதைத்தான் சொன்னார். இருட்டில் நிற்க வேண்டாம் என்று நினைத்திருக்கிறார். பிள்ளைக்குச் சின்ன வயசிலிருந்தே இருட்டென்றால் ஆகாது.

அவர் எழுந்து, கையைப் பேன்டில் துடைத்தபடி அவள் பக்கம் வந்தார். சங்கரி அடுத்த தடத்தைப் பார்க்க அந்தப் பெண்மணியோடு முன்னால் போய்விட்டாள். "என்ன உக்காந்துட்ட, தலை சுத்துதா? மாத்திரை போட்டியா?" என்றார். அவள் புழுதியைக் காட்டினாள். "ஏங்க, காக்காய்க்குப் பின்னாலயும் ஒரு விரல் உண்டு, பாருங்க." அவர் பார்த்தார். நின்றுகொண்டே பார்த்தார், பிறகு குனிந்து பார்த்தார். "ஆமா" என்றார். "அன்னைக்கு மாவுல அது இல்லையே." அவர் வலது கையைப் பேன்ட் பைக்குள் விட்டுக்கொண்டார், சின்னப் பிள்ளை எதையோ ஒளிப்பதைப் போல. "அந்த நேரத்துல எனக்கு அது தோணல, செண்பகம்" என்றார். இரண்டாவது தடவையாகப் பெயர். அவள் எழுந்திருக்கவில்லை. "ஒண்ணுமே இல்லையா? ஓரத்துலயாவது?" "ஒரு பொட்டுக்கூட இல்ல. சலிச்சது சலிச்ச மாதிரி கிடந்துச்சு." அவருடைய முகவாய் ஆடியது. "நீ வாசல்ல நின்னுக்கிட்டு இருந்த. நான் என்ன செய்ய?" அழாத மனுஷர் என்று இத்தனை காலம் அவள் மனதில் எழுதி வைத்திருந்தாளே, அந்த முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது. தன் பக்கம் பிள்ளை பறந்துவிட்டான், இவர் பக்கம் இன்னும் அந்த அறையிலேயே நிற்கிறான். இரண்டு பேரும் ஒரே வீட்டில், ஒரே கட்டிலில்தான் படுத்துக்கொண்டிருந்தார்கள். கத்த வேண்டும் போலவும் இருந்தது, அந்தக் குட்டை விரலைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது, இரண்டையும் செய்யத் தெம்பில்லை. "ரெண்டு பேரும் இப்படிப் பாருங்க, போட்டோ" என்று தூரத்திலிருந்து சங்கரி கத்தினாள். பார்த்தார்கள். அவர்களுக்கும் சங்கரிக்கும் நடுவே ஊற்றின தண்ணீர் காய்ந்து, அந்தக் கால் பாறைக்குள் போய்க்கொண்டிருந்தது. அந்தப் பெண்மணி காலிக் கேனை ஆட்டிக் காட்டிச் சிரித்தாள்.

திரும்பும்போது காரில் சங்கரி கண்ணாடியில் பார்த்து, "அம்மாவுக்கு வெயில் ஒத்துக்கலையா?" என்றாள், கொஞ்சம் பொறுத்து, "அந்த ஜவுளிக்கடைக்காரருக்கு இன்னைக்குச் சொல்லிரலாம்லம்மா?" என்றாள். செண்பகவல்லி வெளியே பார்த்தாள். நிழலே இல்லாத ஊர், எத்தனை நேரம் போனாலும் அதே சிவப்பு. மெயின் ரோடு வந்ததும் அவருடைய போன் டிங் டிங் என்று உயிர் பெற்றது. லூர்தக்கா நம்பரை அழுத்தினார். லூர்தக்காவின் குரல் கார் முழுக்கக் கேட்டது, "போட்டாச்சு அண்ணாச்சி, ஹால்ல அப்பவே போட்டாச்சு, இன்னைக்கு என்ன போனைக் காணும்னு நெனச்சேன்." அவர் சரி என்று சொல்லி வைக்கப் போனார். செண்பகவல்லி கையை நீட்டி போனை வாங்கினாள். "லூர்தக்கா, நான் செண்பகம். ஹால்ல மட்டும் போதாதுக்கா. நடு ரூம் சாவி ஆணியிலதான் தொங்கும், அதையும் திறந்து லைட்டப் போட்டு வையுங்க. ஆமா, அந்த ரூம்தான். கதவைச் சாத்த வேண்டாம். ஒரு செம்புத் தண்ணியும் வையுங்க. நாங்க வார வரைக்கும் தினமும் வையுங்க." பக்கத்தில் அவர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார், தோள் மட்டும் குலுங்கியது. கார் ஒரு கணம் ரோட்டுக் கோட்டை விட்டு விலகி மறுபடி நேரானது. "நீங்க எங்க போறீங்க? யாரும்மா இருக்கா அந்த ரூம்ல?" என்றாள் சங்கரி.

"வண்டியப் பாத்து ஓட்டு" என்றாள் செண்பகவல்லி.